ஐந்து சாட்சிகள்

ஜீலம் நதிக்கரையில் கி. மு. 326-ம் வருஷத்தில் நடந்த யுத்தத்தின் முடிவில், காயமுற்று நின்ற போரஸ் மன்னனை நோக்கி, அவனை எவ்வாறு நடத்த வேண்டுமென்று அலெக்ஸாந்தர் கேட்டான். அரசனுக்குரிய முறையில் நடத்த வேண்டுமென்று போரஸ் நிமிர்ந்து நின்று விடை கூறினான். அதைக் கேட்டு மகிழ்ந்த அலெக்ஸாந்தர் அவனுடைய ராஜ்யத்தை அவனுக்கே திருப்பித் தந்தான். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் இக்கதையைப் படியாத பிள்ளைகள் நம் நாட்டில் மிகச் சிலரே இருப்பார்கள். இருபது வருஷங்களாக நானும் இதை வகுப்பில் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலர்வதையும் கண்டு வருகிறேன்.

எப்போதாவது கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, இதைப் பக்கத்தில் நின்று கேட்டு எழுதியவர் யார்?" என்று வினவுவதுண்டு. சரித்திரம் படிப்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே. இந்த வாரம் அதற்கு விடை தேடுவோம்.

அலெக்ஸாந்தரின் வரலாற்றைத் தொடர்ச்சியாகக் கூறும் பழைய நூல்களில் முக்கியமானவை ஐந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்து இந்த ஒரு சம்பவத்தை மட்டும் பார்ப்போம். அர்ரியனும் புளூடார்க்கும் நாம் அறிந்த வண்ணமே அந்தச் சம்பாஷணையைச் சொல்கிறார்கள். கர்ட்டியஸ் என்னும் ரோமானியர் எழுதிய நூலில் போரஸின் விடை வேறு. அதிருஷ்டம் எவ்வளவு நிலையற்றது என்பதை இந்த நாள் அலெக்ஸாந்தருக்குக் காட்டியிருக்கிறது, அந்த நாள் சொல்லும் புத்திமதிப்படியே அவன் நடந்துகொள்ளட்டும் என்ற கருத்தில் போரஸ் அங்கே பேசுகிறான். ஜஸ்டினுடைய நூலில் வினாவும் இல்லை, விடையும் இல்லை. தோல்வியின் துக்கத்தால் போரஸ் உணவு கொள்ள மறுத்தான், காயங்களுக்கு மருந்திடவும் சம்மதிக்கவில்லை, மிகுந்த பிரயாசையின் பேரிலேயே உயிர் வாழ இணங்கினான் என்று மட்டும் இருக்கிறது. டியோடோரஸ், மூச்சு இன்னும் நின்றுவிடாத போரஸைச் சிகிச்சைக்காக இந்தியர்களிடம் ஒப்புவித்தார்கள் என்பதோடு நிறுத்திக் கொள்கிறார். ஒரே சம்பவத்தைப் பற்றி ஐந்து சாட்சிகள் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.

இந்த ஐவரில் ஒருவராவது அலெக்ஸாந்தரைக் கண்ணால் கண்டவர் அல்லர். இவர்களுள் முற்பட்டவரான டியோடோரஸ் கி. மு. முதல் நூற்றாண்டினர். அலெக்ஸாந்தர் 323-ல் இறந்து ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து எழுதியவர். கர்ட்டியஸ் கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலோர் கொள்கை. அவர் எழுதிய பத்துப் பாகங்களில் முதல் இரண்டும் இன்று கிடைக்கவில்லை. புளூடார்க்கும் அர்ரியனும் நானூறு வருஷங்களுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின் வந்தவர்கள். ஜஸ்டினோ, டிரோகஸ் என்பவர் எழுதிய பெரிய நூல் ஒன்றைச் சுருக்கித் தந்தவரே. அந்த மூலநூலும் மறைந்துவிட்டது. 1565-ம் வருஷத்தில் நடந்த தலைக்கோட்டை யுத்தத்துக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி ஜீலம் யுத்தத்துக்கும் அர்ரியனுக்கும் இருந்தது.

அங்ஙனமாயின் இவர்கள் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் யாது? அலெக்ஸாந்தருடன் சென்றவர்களில் பலர் நூல் எழுதினார்கள். அரிஸ்டாட்டிலின் உறவினரான கல்லிஸ்தனிஸ் படையோடு சென்று அவன் புகழை எழுதினார். பின்னர் அரசனுடைய கோபத்துக்கு ஆளாகி உயிரிழந்தார். சேனாபதிகளில் ஒருவனாக இருந்து பிற்காலத்தில் எகிப்துக்கு அரசனான டாலமி எழுதினான். அரிஸ்டோபுலஸ் எழுதினார். கப்பற்படைத் தலைவர் நியார்க்கஸும், மாலுமி ஒனேசிக்ரிட்டஸும் எழுதினார்கள். கிளிடார்க்கஸ் என்பவர் சுவையாக எழுதிப் பெரும் புகழ் பெற்றார். இந்நூல்களில் ஒன்றேனும் முழுமையாக இன்று இல்லை. பின்வந்தவர்கள் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியிருக்கின்றன. ஆகவே நம் முன் நிற்கும் ஐவரும் கண்ட சாட்சிகள் அல்லர். கண்டவர் சொன்னதைக் கேட்டுச் சொல்லும் சாட்சிகள்.

இவர்களில் சிறந்தவர் அர்ரியன் என்பது பொதுவான தீர்ப்பு. அதற்குக் காரணம் உண்டு. அவர் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியனின் கீழ் கப்படோக்கியா மாகாணத்தை ஆண்டவர். சேனையை நடத்திப் பழகியவர். யுத்தம் இன்னதென்று அறிந்தவர். தாம் யாரை ஏன் நம்புகிறார் என்பதையும் நூலின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். டாலமியும் அரிஸ்டோபுலஸும் உடன் சென்றவர்கள், அலெக்ஸாந்தர் இறந்த பிறகு எழுதியவர்கள், அச்சத்தாலோ பரிசிலை விரும்பியோ பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்கிறார். அன்றியும் டாலமி அரசனாதலால் அவன் பொய் சொல்வது மற்றவர் சொல்வதைக் காட்டிலும் இழிவாகும் என்றும் ஒரு நியாயம் காட்டுகிறார்.

கடைசி நியாயத்தைப் படிக்கும்போது நமக்குப் புன்னகை வராமலிராது. அரசர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பதை அரசர்களின் கீழ் வாழ்ந்த எந்தத் தேசத்தாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அர்ரியனுடைய நூலிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. அலெக்ஸாந்தர் எகிப்தின் பாலைவனத்தைக் கடந்து அம்மோன் கோயிலுக்குச் சென்றபோது, பேசும் சர்ப்பங்கள் இரண்டு முன்னே சென்று படைக்கு வழி காட்டின என்று டாலமி எழுதியிருந்தானாம். அரிஸ்டோபுலஸ், வழி காட்டியவை இரண்டு அண்டங்காக்கைகள் என்றார். எகிப்தை ஆள வந்த அரசனுக்கு, எகிப்தின் தெய்வமே அலெக்ஸாந்தரை வழி நடத்தியது என்று சொல்வதில் லாபம் இல்லாமலா இருக்கும்? அலெக்ஸாந்தரின் சடலத்தையே கைப்பற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுபோனவன் அவன்.

அப்படியானால் டாலமியைப் பொய்யன் என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் நியாயமன்று. மாளவர்களின் கோட்டையில் அலெக்ஸாந்தர் தனியே குதித்து, மார்பில் அம்பு தைத்து, உயிருக்கு மன்றாடிய சமயத்தில் டாலமி அருகில் நின்று கேடயத்தால் காத்தான் என்று வேறு சிலர் எழுதி வைத்தார்கள். டாலமியோ, தான் அன்று அங்கே இல்லை, வேறிடத்தில் போர் செய்துகொண்டிருந்தேன் என்று தன் நூலில் எழுதினான். மன்னனின் உயிரைக் காத்த பெருமையைப் பிறர் வலியக் கொடுத்தும் அதை வேண்டாமென்று மறுத்தான். தனக்கு நன்மை தராத ஒன்றை ஒருவன் சொல்வானாயின், அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். நீதி ஸ்தலங்களில் இன்றும் இந்த விதியைக் கையாளுகிறார்கள்.

இந்த விதியை மறுபுறமும் செலுத்திப் பார்க்க வேண்டும். மஸ்ஸாகா என்னும் நகரத்தில் கூலிப்படையினராக இருந்த இந்திய வீரர்கள், உடன்படிக்கை செய்துகொண்டு வெளியே வந்த பின்பு அலெக்ஸாந்தரால் சூழப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் இரவில் தப்பியோட எண்ணியிருந்ததை அறிந்தே அவன் அவ்வாறு செய்தான் என்று அர்ரியன் காரணம் காட்டுகிறார். அலெக்ஸாந்தரிடம் பெருமதிப்பு வைத்திருந்த புளூடார்க்கோ, இச்செயல் அவனுடைய யுத்தப் புகழின் மேல் படிந்த களங்கம் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். படையின் அணிவகுப்பைச் சொல்வதில் அர்ரியனுக்கு இணையில்லை. ஆனால் மஸ்ஸாகாவின் வழக்கில் நான் புளூடார்க்கின் வாக்கையே மதிப்பேன். ஒரு விஷயத்தில் நம்பத்தக்கவர் எல்லா விஷயத்திலும் நம்பத்தக்கவராகி விடுவதில்லை.

வேடிக்கையான சாட்சிகளும் உண்டு. ஒனேசிக்ரிட்டஸ் கப்பலின் சுக்கான் பிடித்த மாலுமி. தம் நூலில் கப்பற்படைத் தலைவர் என்று தம்மைத்தாமே உயர்த்திக் கொண்டார் என்று அர்ரியன் அவரைக் கண்டிக்கிறார். பெண்களே ஆளும் நாடாகிய அமேசானின் ராணி அலெக்ஸாந்தரைக் காண வந்தாள் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தப் பகுதியைப் பிற்காலத்தில் லைசிமாக்கஸ் என்னும் அரசன் முன் அவர் வாசித்துக் காட்டினாராம். அலெக்ஸாந்தருடன் அந்த யாத்திரை முழுவதும் சென்றவனான லைசிமாக்கஸ் மெல்லச் சிரித்து, அப்போது நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டானாம். கேட்டறிய ஒரு லைசிமாக்கஸ் இல்லாமல் போன எத்தனை கதைகள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றனவோ!

ஆயினும் இதே ஒனேசிக்ரிட்டஸ்தான் தட்சசீலத்துத் துறவிகளோடு தாம் பேசிய பேச்சைக் குறித்து வைத்தார். மூன்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தத்துவத்தை விளக்குவது, சேற்றினூடே தெளிந்த நீரை ஓடவிட முயல்வது போலாகும் என்று அத்துறவிகளில் ஒருவர் எச்சரித்ததையும் மறைக்காமல் எழுதினார். அதை ஸ்ட்ராபோ என்னும் பூகோள ஆசிரியர் நமக்காகக் காத்து வைத்திருக்கிறார். அலெக்ஸாந்தரைச் சூழ்ந்திருந்த ஆசிரியர்கள் உண்மையைவிட அற்புதத்தையே விரும்பினார்கள் என்று குறை கூறியவரும் அந்த ஸ்ட்ராபோதான்.

எண்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். காகமேலாவில் பாரசீகச் சக்கரவர்த்தி டேரியஸ் கொண்டுவந்த காலாட்படை பத்து லட்சம் என்கிறார் அர்ரியன்; எட்டு லட்சம் என்கிறார் டியோடோரஸ்; நான்கு லட்சம் என்கிறார் ஜஸ்டின்; கர்ட்டியஸோ இரண்டு லட்சத்தோடு நிற்கிறார். பத்து லட்சம் பேருக்கு ஒரே வெளியில் குடிதண்ணீர் கொடுப்பது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்தாலே போதும். சேனாபதியாக இருந்த அர்ரியன் இவ்விடத்தில் எல்லோரையும் மிஞ்சிவிட்டதையும் கவனிக்க வேண்டும். ஜீலம் யுத்தத்தில் போரஸிடம் இருந்த யானைகள் 200 என்று அர்ரியன் கூற, டியோடோரஸ் 130 என்கிறார். கர்ட்டியஸ் 85 என்கிறார். அலெக்ஸாந்தர் பக்கத்தில் மாண்டவர்கள் அர்ரியன் கணக்கில் சுமார் 310 பேர். டியோடோரஸ் கணக்கில் ஆயிரத்தை நெருங்குகிறது. அலெக்ஸாந்தரின் பிரசித்தி பெற்ற குதிரை புஸிபாலஸ், போரஸின் புதல்வனால் கொல்லப்பட்டது என்று ஒரு கூற்று. முப்பது வயதாகி முதுமையாலும் களைப்பாலும் இறந்தது என்று மற்றொரு கூற்று. வென்றவரின் வீரம் உயர, எதிரியின் சேனை பெருகும். தம்மவரின் இழப்புச் சுருங்கும். எல்லா நாட்டு யுத்தச் செய்திகளிலும் இது காணப்படுவதே.

தோற்றவர் பக்கத்துக் குரல் கிடைத்தால் எவ்வளவு விஷயங்கள் தெளியும் என்பதற்குப் பாபிலோனில் ஓர் உதாரணம் அகப்பட்டிருக்கிறது. அந்நகரத்து வான சாஸ்திரிகள் கிரகங்களின் நிலையையும், நதியின் நீர்மட்டத்தையும், தானியத்தின் விலையையும் களிமண் பலகைகளில் குறித்து வந்தார்கள். அப்பலகைகளில் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. சாக்ஸ், ஹுங்கர் என்னும் இரு அறிஞர்கள் 1988-ல் அவற்றின் முதல் தொகுதியை மொழிபெயர்ப்போடு வெளியிட்டார்கள். அலெக்ஸாந்தர் இறந்த நாளைப் பற்றிக் கிரேக்க ஆசிரியர்களிடையே இரண்டு நாள் வேறுபாடு உண்டு. பலகையோ அரசன் இறந்ததையும் அன்று வானத்தில் மேகம் இருந்ததையும் ஒரே வரியில் குறித்திருக்கிறது. அதைக் கொண்டு கி. மு. 323 ஜூன் 11 என்று நாளை நிச்சயித்திருக்கிறார்கள்.

மற்றொரு பலகை கி. மு. 331 அக்டோபர் 1-ந் தேதி நடந்த காகமேலா யுத்தத்தைக் குறிக்கிறது. டேரியஸ் பயந்து முதலில் ஓடினான், பிறகு சேனை சிதறியது என்பது அர்ரியன் வாக்கு. பலகையில் சிதைந்த இடங்கள் இருந்தபோதிலும், சேனை அரசனைக் கைவிட்டுச் சென்றது என்று அதில் வாசிக்கிறார்கள். டேரியஸின் சாரதி வீழ்ந்ததைக் கண்டு, அரசனே மாண்டான் என்று எண்ணி அணிகள் குலைந்தன என்று டியோடோரஸும் கர்ட்டியஸும் சொல்லியிருந்தார்கள். அவர்களை அலங்காரப் பிரியர்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் ஒதுக்கி வைத்திருந்தனர். இந்த விஷயத்தில் பலகை அவர்களுக்கே அருகில் நிற்கிறது. கோழை என்று இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் பெயர் சுமந்த ஓர் அரசனுடைய வழக்கு, கையளவு களிமண்ணால் மறு விசாரணைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டில் அத்தகைய பலகை அகப்படவில்லை. அலெக்ஸாந்தரின் படையெடுப்பை அக்காலத்து இந்திய நூல் எதுவும் கூறவில்லை. அசோகரின் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வரும் அலிகசுதரன் என்னும் பெயர், ஏறக்குறைய எழுபது வருஷங்களுக்குப் பின் ஆண்ட வேறோர் அலெக்ஸாந்தரைக் குறிப்பது. போரஸின் இயற்பெயர்கூட நமக்கு எட்டவில்லை. புருஷோத்தமன் என்று வழங்குவது பிற்காலத்து ஊகமே.

இந்த மௌனத்தை இரு சாரார் இரு விதமாக நிரப்பினார்கள். 1904-ல் இந்தியாவின் பண்டைச் சரித்திரத்தை எழுதிய வின்ஸென்ட் ஸ்மித், அலெக்ஸாந்தரின் வெற்றியில் ஐரோப்பியத் திறமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் முன்னால் ஆசியச் சேனைகள் இயல்பாகவே பலவீனமானவை என்பதற்கு அத்தாட்சி கண்டார். ஆளும் ஜாதியாருக்கு அந்தப் பாடம் இனிப்பாக இருந்தது. நம்மவரில் சிலரோ அதற்கு மாற்றாக, போரஸ்தான் வென்றான், தோற்றுத் திரும்பிய அலெக்ஸாந்தரின் மானத்தைக் காக்கக் கிரேக்கர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். இதைக் கேட்கும்போது நம் மனமும் சற்றுக் குளிரத்தான் செய்கிறது. மனம் குளிர்வது சாட்சியம் ஆகாது.

அந்தக் கூற்றையும் அதே தராசில் வைப்போம். ஐந்து நூல்களும் எண்ணிலும் பேச்சிலும் முரண்படுகின்றன. போரஸ் தோற்றான் என்பதில் முரண்படவில்லை. ஜீலத்தைக் கடந்த பின் அலெக்ஸாந்தர் சீனாப்பையும் ராவியையும் கடந்து பியாஸ் நதி வரை சென்றான். ஜீலத்தில் முறியடிக்கப்பட்டவன் மேலும் கிழக்கே இவ்வளவு தூரம் செல்வதெங்ஙனம்? அவன் திரும்பியது பியாஸ் கரையில், தன் வீரர்களே முன்னேற மறுத்தபோது. அதைக் கிரேக்க ஆசிரியர்கள் மறைக்கவில்லை. தோல்வியை வெற்றியாகத் திரிப்பதே அவர்கள் நோக்கமாயின், இந்த அவமானத்தை முதலில் மறைத்திருப்பார்கள்.

போரஸின் பெருமைக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை என்பதே என் கருத்து. போரஸோடு செய்த யுத்தம் மாசிடோனியரின் ஊக்கத்தை மழுக்கியது, அதனாலேயே மேலும் இந்தியாவுக்குள் செல்ல அவர்கள் அஞ்சினார்கள் என்று புளூடார்க் எழுதுகிறார். இது எதிரியின் பக்கத்திலிருந்து வந்த, எதிரிக்குப் பெருமை தராத வாக்கு. அதைவிட உறுதியான நற்சாட்சிப் பத்திரம் ஒரு வீரனுக்கு வேறென்ன வேண்டும்? போரஸ் தன் ராஜ்யத்தைத் திரும்பப் பெற்றான் என்பதும் சொல் வேறுபாடின்றி நிலைபெறுகிறது. அலெக்ஸாந்தர் இறந்த பின் யூடெமஸ் என்னும் மாசிடோனியச் சேனாபதி வஞ்சகமாக அவனைக் கொன்று 120 யானைகளைக் கவர்ந்து சென்றான் என்று டியோடோரஸ் கூறுவதிலிருந்து, தோற்ற பிறகும் அவன் எத்தகைய பலத்தோடு இருந்தான் என்பது விளங்கும். அந்த மாசற்ற சம்பாஷணை நடந்ததா என்பதை மட்டும் நான் உறுதி கூற மாட்டேன். அது நடந்திருக்கலாம் என்று சொல்வேன்.

கிரேக்கர் எழுதியதெல்லாம் பொய் என்று தள்ளிவிட விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். சந்திரகுப்த மௌரியர் எழுச்சி பெற்ற காலத்தை நாம் அறிவது இவர்கள் மூலமாகவே. கிரேக்கர் கூறும் சந்திரகோட்டஸ் நம் சந்திரகுப்தரே என்று வில்லியம் ஜோன்ஸ் 1793-ல் எடுத்துக் காட்டினார். பண்டை இந்தியாவின் கால வரிசை அந்த ஒரு முளையில் கட்டப்பட்டிருக்கிறது. அந்நியர் ஆட்சியை அகற்றி அவர் எழுந்த வரலாற்றைச் சொல்பவர் யார் தெரியுமா? ஐவரிலும் பலவீனமான சாட்சியாகிய ஜஸ்டின்தான். பிடிக்காத பகுதியைத் தள்ளி, பிடித்த பகுதியைக் கொள்வது விசாரணை ஆகாது.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் சரித்திரக் கதை படிக்கும்போது, தாய் தந்தையர் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்குவார்களாக. சொன்னவர் எங்கே நின்றார்? எவ்வளவு காலம் கழித்துச் சொன்னார்? யாருக்காகச் சொன்னார்? சொன்னதனால் அவருக்கு என்ன கிடைத்தது? கிரேக்கரிடம் கேட்கும் இக்கேள்விகளை நம்மவரிடமும் கூசாமல் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளையை, அந்நியன் எழுதிய புத்தகமும் ஏமாற்றாது. நம்மவன் எழுதிய புத்தகமும் ஏமாற்றாது.